மீன் எந்தப் பக்கம்?

குடைத் தொழிற்சாலை ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று அறிவித்தார்: இன்று முதல் மகளின் படிப்பைத் தானே கவனித்துக்கொள்ளப் போகிறார்.

உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்று சொல்லியும் மனைவி திரும்பவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முன்புதான் அவள், "பொண்ணு எந்த வகுப்புப் படிக்கிறா, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டிருந்தாள். அவர் பதில் சொல்லத்தான் செய்தார். சொல்வதற்கு முன் யோசித்ததுதான் தப்பாகப் போய்விட்டது.

"இப்ப என்ன பாடம் நடக்குது? அதைச் சொல்லு."

"விலங்குகளை ரெண்டாப் பிரிக்கணும். முதுகெலும்பு இருக்கிறது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். படத்தையெல்லாம் சார்ட்ல ஒட்டி, அப்பா அம்மாங்க முன்னாடி அவ பேசணும்."

"ப்பூ! இவ்வளவுதானா?"

"தப்பு வந்துச்சுன்னா?"

"தப்பா? ஊர்க் குடையிலெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவன்கிட்டயா கேக்கறே?"

"ஒண்ணே ஒண்ணு தப்பானாலும் இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது. எல்லாம் சரியா இருந்தா மத்தியானம் வரைக்கும் தூங்குங்க. எழுப்பவே மாட்டேன்."

மத்தியானம் வரைக்கும் தூக்கம்! அவர் சட்டென்று கை நீட்டினார். அவள் மடித்த துண்டுகளை அந்தக் கையில் அடுக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

வாண்டு என்று தெருவே கூப்பிடும் மகளைத் தரையில் உட்காரவைத்து, ஆய்வாளர் ஒரு குடையை விரித்தார்.

"இது என்ன?"

"குடை."

"நடுவுல என்ன இருக்கு?"

"கம்பி."

"கம்பியை உருவிட்டா?"

"அம்மா திட்டுவாங்க."

"துணி தொளதொளன்னு தொங்கிடும்! அந்தக் கம்பிதான் முதுகெலும்பு. விறைப்பா இருந்தா உண்டு, தொளதொளன்னு இருந்தா இல்லை. முடிஞ்சுபோச்சு பாடம்."

தனக்கே இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க வரும் என்று அவர் நினைத்ததில்லை. வாண்டு பசையை எடுத்து, "நான் ஒட்டறேன்ப்பா" என்றாள். "நீ ஒட்டினா கோணலாப் போயிடும், போய் விளையாடு" என்று துரத்திவிட்டு, பசையையும் வாங்கிக்கொண்டு வேலையையும் வாங்கிக்கொண்டார். மாடும் காக்கையும் தவளையும் ஒரு பக்கம் போயின. மண்புழு, நத்தை, வண்ணத்துப்பூச்சி மறுபக்கம். பாம்பையும் அந்த மறுபக்கத்துக்கே கொண்டுபோனார்.

"பாம்புக்கு முதுகெலும்பு உண்டுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தெரியும், தெரியும். சும்மா வெச்சுப் பார்த்தேன்."

கடைசியில் மீன். அவருக்கு மீன் என்றால் உயிர். வாரம் தவறாமல் சாப்பிடுகிறார், வாயில் போட்டால் கரைகிறது. ஒருநாளாவது எலும்பு தட்டுப்பட்டதுண்டா? முள் குத்தியதாக வேலை செய்கிற இடத்தில் சிலர் புலம்பக் கேட்டிருக்கிறார். மட்டமான மீனாகப் பார்த்து வாங்குகிறவர்கள் என்று முடிவு கட்டியிருந்தார். இருந்தாலும் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அடி சக்கை என்று மீனை நத்தைக்குப் பக்கத்தில் ஒட்டி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தியும் விட்டார்.

பள்ளியில் பெற்றோரைக் குழந்தைகளின் நாற்காலிகளில் உட்காரவைத்திருந்தார்கள். ஆய்வாளரின் முழங்கால்கள் தாடையைத் தொட்டன. வாண்டு சார்ட்டைக் காட்டி ஒவ்வொன்றாகக் கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தவள், மீனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மீன் ஏன் அங்க இருக்கு?" என்றார் டீச்சர்.

வாண்டு அப்பாவைப் பார்த்தாள். வகுப்பே அவரைப் பார்த்தது. அவர் எழுந்தார். நாற்காலியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே எழுந்தது.

"மீன் மெத்துமெத்துன்னு இருக்கும் டீச்சர். நான் வாராவாரம் சாப்பிடறேன். இதுவரைக்கும் ஒரு எலும்பு வந்ததில்லை."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. வாண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"எங்கப்பா பொய் சொல்லல டீச்சர்! எங்கம்மா முள்ளு மொத்தத்தையும் எடுத்துட்டுத்தான் அப்பா தட்டுல வெப்பாங்க. முன்னாடி எனக்கும் எடுத்துக் குடுத்தாங்க. நான் பெரியவளாயிட்டேன்ல, இப்ப நானே எடுத்துக்கறேன். அப்பாவுக்கு மட்டும்தான் இன்னும் எடுக்கறாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று அம்மாக்கள் தங்கள் கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் நாற்காலியோடு உட்கார்ந்தார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், மனைவியின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தனக்கு முள் எடுத்து முடிக்கிற வரைக்கும் அவளுடைய சோறு ஆறிக்கொண்டிருந்திருக்கும். ஊர்க் குடையிலெல்லாம் குறை பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் மனைவி ஜன்னலை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொல்ல, வாண்டு மீனைப் பிய்த்துத் தவளைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒட்டினாள். கைதட்டல் பலமாக இருந்தது. மீன் கொஞ்சம்கூடக் கோணவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை நான்தான் சமைக்கிறேன்" என்றார். "மீனே வாங்கலாம். முள்ளு நான் எடுக்கறேன். உனக்கும்."

"சரிங்க."

"இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு ஒன்று உறுத்தியது.

"ஆமா, பாம்புக்கு அங்கேருந்தே குரல் குடுத்தே. மீனுக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கல?"

"கை வேலையா இருந்தேங்க."

முன்னால் குதித்துக்கொண்டு போன வாண்டு திரும்பினாள்.

"அப்பா, ஸ்கூல்ல குடுத்த படத்துல மீனே இல்லப்பா. அது அம்மா வரைஞ்சு சேர்த்தது."