இருபது எண்ணும் வரை வேட்டி

போட்டோகிராபர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கிளப்பிவிட்டதே நாங்கள்தான். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஸ்டூடியோ திறந்தபோது எனக்குத் தெரிந்த வெளிச்சம், ஜன்னல் வழியாக வந்த ஒன்றுதான். (மழைக்காலத்தில் அதுவும் வராது.)

என் மாமனார் திருப்போரூர் பக்கத்து விவசாயி. "கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுகினு நிக்கிறது ஒரு வேலையா?" என்று கேட்பார். பதில் சொல்ல எனக்கொரு வாய்ப்பு வந்தது. பட்டணத்தில் பள்ளிப் புத்தகம் அச்சிடுகிற ஒருவர், மாமல்லபுரத்துக் குகை மண்டபம் ஒன்றின் சிற்பத்தைப் படமெடுக்கச் சொன்னார். நன்றாக வந்தால் புத்தகத்தின் எல்லாப் படங்களும் எனக்கே. என் மனைவி சரசு, எனக்குச் சொல்லாமல், வந்து பார்க்கும்படி அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டாள்.

மண்டபத்துக்குள் இருட்டாயிற்றே! அதற்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். சரசுவுக்குச் சீராக வந்த பீரோவின் நிலைக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய், வெளியே சாய்த்து வைத்து, வெயிலை உள்ளே திருப்பிவிடுவது.

"வெள்ளைத் துணி எதுனா எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நாம இன்னா வெளுக்கவா போறோம்?" என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன் வேறு.

பஸ்ஸில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கண்டக்டர் மூன்று முறை தலை வாரிக்கொண்டார்.

வெயில் நான் சொன்னபடியே மண்டபத்துக்குள் போயிற்று. போய், சிற்பத்தில் இருந்த கல் யானையின் ஒரு காதில் மட்டும் சுள்ளென்று விழுந்தது. கண்ணாடியைத் திருப்பினால் காதிலிருந்து தும்பிக்கைக்கு நகர்ந்தது. விழுந்த இடம் கண் கூசும் வெள்ளை, மற்றதெல்லாம் கரி. ஒரு மணி நேரம் யானையை அங்கம் அங்கமாகப் பார்த்தேன்.

"ஏங்க, நம்ம சமையக்கட்டுல வெயிலு பித்தளை அண்டாவுல பட்டா கூரையில ஒரு பொட்டுதான் வுழுது. சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல பட்டா வூடு பூரா வெளிச்சம். கண்ணாடி வெயில வெள்ளையில வுழுற மாதிரி திருப்புங்க, பரவும்" என்றாள் சரசு.

அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்துவிட்டது. அதனால் இன்னும் பத்து நிமிடம் கண்ணாடியோடு மல்லுக்கட்டினேன்.

வெள்ளைக்கு எங்கே போவது? அவள் புடவை அரக்கு, என் சட்டை கட்டம் போட்டது, கேமராவின் கறுப்புத் துணியோ வெளிச்சத்தை விழுங்குகிற ஜாதி. சரசு என் இடுப்பைப் பார்த்தாள்.

"சீ!" என்றேன்.

"இப்ப யாரும் இல்லீங்க. படம் பதிய இருபது எண்ணுற நேரம்தான்."

பட்டாபட்டி டிராயரோடு நின்று வேட்டியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தேன். கண்ணாடி வெயில் அதில் விழுந்து மெத்தென்று பரவியது. யானைக்குப் பின்னால் அதுவரை கண்ணில் படாத ஒரு பெண்ணின் முகம் மெதுவாக வெளியே வந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எந்தக் கோலத்தில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. சரசு லென்ஸ் மூடியை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினாள்.

ஏழில் செருப்புச் சத்தம். எட்டில் டிபன் கேரியரோடு மாமனார். பின்னால் அவர் ஊர் முன்சீப்பும் முன்சீப்பின் மனைவியும். மாப்பிள்ளையின் வேலையைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார்!

"இன்னா மாப்ளே, இன்னா கோலம் இது?"

வாய் திறந்தால் வேட்டி ஆடும். ஆடினால் படம் போச்சு.

"அப்பா, வெளிச்சத்த மறைக்காதீங்க. அப்டியே நில்லுங்க. ஒம்பது..."

மூவரும் கல்லாகிவிட்டார்கள். முன்சீப்பின் மனைவி அவசரமாக எதிர்ச் சுவரைக் கும்பிடத் தொடங்கினார். ஒன்பதிலிருந்து இருபது வரை நான் கழித்த காலம், அதற்கு முன் வாழ்ந்த இருபத்தாறு வருஷத்தைவிட நீளம்.

சரசு லென்ஸை மூடியதும் வேட்டியைச் சுற்றிக்கொண்டேன். (உள்பக்கம் வெளியே வந்திருந்தது.) மாமனார் சிற்பத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருசமா இங்க வந்துகினு கீறேன். இந்தப் பொண்ணு மொகத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு எடுக்கணுமா? வெளிச்சம் பத்தலைன்னா சொல்லு மாப்ளே, என் வேட்டியும் கீது."

முதலில் சிரித்தது முன்சீப்தான்.

படம் அருமையாக வந்தது. புத்தக வேலையும் கிடைத்தது. கூடவே இன்னொன்றும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் நான் கேமராவோடு நின்று "யாரும் அசையாதீங்க" என்றதும், ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இடுப்பு வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பேண்ட் போட்டவர்கள் பெல்ட்டைப் பிடிக்கிறார்கள்.