பர்னாந்து வீட்டு முதல் படகு

படகில் உட்கார்ந்து காப்பி குடிப்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மத்தியாஸ் பர்னாந்து உட்கார்ந்திருந்த படகு கடலில் இல்லை. மேட்டுக் காலனியில், அவர் வீட்டு முற்றத்தில், முருங்கை மரத்தடியில் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் போன கடைக்கார ராசம்மா நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, படகுல குந்தியிருக்கீங்க?"

"என் படகு. நான் உட்காருவேன்."

"அது சரி. கையில துடுப்பு எதுக்கு?"

மத்தியாஸ் குனிந்து பார்த்தார். ஒரு கையில் காப்பி டம்ளர். மறு கையில் துடுப்பு. உண்மையான காரணத்தை ராசம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவள் பெட்டிக்கடை மூலமாகத் தீவின் பெரிய கடைத்தெரு அபர்டீன் பஜார் வரை போய்விடும்.

"கடலைப் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றார் விறைப்பாக.

ராசம்மாவின் முகம் வெளிறியது. "கடலையா? நீங்களா? அரே பாப்ரே!" என்றபடி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. சுனாமி வந்த காலையில், நிலம் ஆடி முடித்ததும் தண்ணீர் பின்வாங்குவதை முதலில் கண்டவர் மத்தியாஸ்தான். "ஏறுங்க! மேலே ஏறுங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் கரையிலிருந்த காலனி முழுவதும் மேட்டில் ஏறித் தப்பியது. வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அப்படிப்பட்டவர் இப்போது மறுபடியும் கடலைப் பார்க்கிறார் என்றால், அதுவும் துடுப்பும் கையுமாகப் பார்க்கிறார் என்றால், யார்தான் ஓடமாட்டார்கள்?

உண்மை வேறு. அன்று படகின் கயிற்றைப் பிடித்து நின்ற மத்தியாஸின் கையிலிருந்து கடல் அதை உருவிக்கொண்டு போனது. அதன் பிறகு அவர் கணுக்கால் நனையத் தண்ணீரில் நின்றதில்லை. இது மனைவி லூசிக்கும் மருமகள் ஷெர்லினுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பியிருந்தார்.

தெரியக் கூடாது. ஏனென்றால் மாதா திருவிழாவில் சொரூபம் ஏறுவது பர்னாந்து வீட்டுப் படகில். பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தபோது ஏற்படுத்திய முறை அது. வீட்டுக்கு மூத்தவர்தான் துடுப்புப் பிடிக்க வேண்டும். திருவிழா அன்று பர்னாந்து வீட்டுப் படகு இறங்காமல் வேறு எந்தப் படகும் இறங்கக் கூடாது. அது இறங்கிவிட்டால் எந்த வீட்டுப் படகும் கரையில் நிற்கக் கூடாது. அந்தந்த வீட்டு மூத்தவரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தே தீர வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு ஒரு திருவிழாவிலும் படகு இறங்கவில்லை. முதலில் தீவெங்கும் துக்கம் என்றார் மத்தியாஸ். பிறகு படகு இல்லை என்றார். நிவாரணத்தில் படகு வந்ததும் பெயிண்ட் காயவில்லை என்றார். அந்தப் பெயிண்ட் பல மழைக்காலங்களாகக் காய்ந்துகொண்டிருந்தது.

இந்த ஆண்டு புதிதாக வந்த பங்குத் தந்தைக்குப் பெயிண்டில் நம்பிக்கை இல்லை. "பெரியவருக்கு முடியலேன்னா முதல் படகை ஜெரால்டு வீட்டுக்குக் குடுத்துடலாமே," என்று கோயில் கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஜெரால்டு பதறிப்போய் மறுத்தார். அது நடிப்பு என்று மத்தியாஸ் அந்த நிமிடமே முடிவு கட்டினார். மீன் கடை வைத்திருப்பவனுக்குப் பதறத் தெரியாதா?

அன்று அவர் மீன்குழம்பைத் தொடவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் ஷெர்லின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவன் ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலையில் இருந்தான். மாமனாரிடம் பேசும் துணிச்சல் வீட்டில் அவளுக்குத்தான் இருந்தது.

"மாமா, இது கோழைத்தனம் இல்ல. உங்க மூளை ஒரு பாடம் படிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"பர்னாந்து வீட்டு மூளைக்கு எவனும் பாடம் நடத்தினதில்ல."

"கடல் நடத்திட்டுதே. கேளுங்க. மூளையில இருக்கிற செல் ஒவ்வொண்ணும் ஒரு தீவு மாதிரி. ஒண்ணை ஒண்ணு தொடாது, நடுவுல இடைவெளி. ஒரு தீவுக்குள்ள சேதி கரண்ட் மாதிரி ஓடி, போட் வந்து நிக்கிற ஜெட்டி வரைக்கும் வரும். அங்கேருந்து ரசாயனம் கிளம்பி, போட் மாதிரி இடைவெளியைத் தாண்டி, அடுத்த தீவு ஜெட்டியில போய் ஒட்டும். அந்தத் தீவும் முழிச்சுக்கும்."

"ரங்கத்துக்குப் போற போட் மாதிரி."

"அதேதான். எந்த லைன்ல போக்குவரத்து அதிகமோ அந்த ஜெட்டி பெரிசாகும், போட்டும் கூடும். யாரும் போகாத லைன் தேஞ்சு போகும். நாம படிக்கிறது, ஞாபகம் வைக்கிறது எல்லாம் இப்படித்தான். உங்களுக்கு அன்னைக்கு ஒரே காலையில, கடலுக்கும் சாவுக்கும் நடுவுல பெரிய லைன் திறந்துட்டாங்க."

"மூடச் சொல்லு."

"மூட முடியாது மாமா. பக்கத்துல வேற லைன் விடலாம். கடல், ஒண்ணும் ஆகல. கடல், ஒண்ணும் ஆகல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. நல்லாத் தூங்கவும் வேணும், தூங்குறப்பத்தான் ஜெட்டி வேலை நடக்கும்."

"அப்போ என் தலைக்குள்ள ஷிப்பிங் ஆபீசு நடக்குதுங்கிற?"

"ஆமா. டிக்கெட் மட்டும் நீங்கதான் குடுக்கணும்."

அதனால்தான் தரையில் படகும், கையில் துடுப்பும்.

சாயங்காலத்துக்குள் ராசம்மா கடையில் பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோயின. லூசி வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். "ஊரே மூட்டை கட்டுது. மரியாதையா எறங்கி வாங்க!"

மத்தியாஸ் இறங்கவில்லை. யார் கண்ணிலும் படாமலிருக்கப் படகின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டார். மறுநாள் ஷெர்லின் பயிற்சியைக் கூட்டினாள். கார்பின் கோவ் கடற்கரையின் அலைச் சத்தத்தைத் தன் மொபைலில் பதிவு செய்து வந்து தார்ப்பாய்க்குள் கொடுத்தாள். 

வேலியில் காதை வைத்த ராசம்மா அலறினாள். "படகுக்குள்ள கடல் இரையுது!"

கொஞ்ச நேரத்தில் ஜெரால்டு வந்து தார்ப்பாயைத் தட்டினார். 

"வே மத்தியாசு! காலனி கலங்கிக் கெடக்கு. இந்த வருசமும் படகு வேண்டாம்னு பங்குச் சாமிகிட்ட சொல்லிடட்டுமா?"

தார்ப்பாய் விலகி மத்தியாஸின் தலை வெளியே வந்தது. "ஏன், உன் படகு முன்னால போகவா?"

"சேச்சே! எவன் படகும் போக வேண்டாம். மாதா ரோட்டு வழியா வரட்டும். புது ரோடு, எம்புட்டு நல்லாருக்கு!"

'நரி' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார் மத்தியாஸ்.

பேச்சை அடக்க லூசி ஒரு வழி செய்தாள். "அவருக்கு முதுகு வலி. படகுப் பலகையில உட்காந்தா நல்லதாம்," என்று வேலிக்கு மேலாக அறிவித்தாள்.

மறுநாள் காலையில் காலனியின் மூத்தவர்கள் எல்லாருக்கும் முதுகு வலித்தது. வரிசையாக வந்து படகில் ஏறினார்கள். ஏறியவர்கள் யாரும் முதுகைச் சாய்க்கவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார்கள். தொம்மைக் கிழவருக்கு வியர்த்து வழிந்தது.

"வெயிலு," என்றார் தொம்மை. அவர் முருங்கை நிழலில் இருந்தார்.

ஜெரால்டு மட்டும் ஏறவில்லை. "முதுகு வலியோட துடுப்புப் போடலாமாவே? நீ படுத்துக்க. சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மத்தியாஸ் துள்ளி எழுந்தார். "வலி போயிட்டு! எல்லாரும் எறங்குங்க!"

முதுகு வலி என்ற சாக்கும் அத்தோடு போயிற்று. ஊருக்கே சொல்லியாகிவிட்டது: மத்தியாஸ் பர்னாந்துக்கு ஒரு குறையும் இல்லை. இனி தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஜீப் வைத்துப் படகைக் கரைக்கு இறக்கினார்கள். கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து, ஆழமில்லாத இடத்தில் மணல் மேல் நிறுத்தி, கயிற்றை மரத்தில் கட்டினாள் ஷெர்லின். மத்தியாஸ் ஏறி உட்கார்ந்தார். 

"ஒண்ணும் ஆகல," என்றார்.

"ஒண்ணும் ஆகல மாமா. இன்னும் கொஞ்ச நேரம்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறியது. அடியிலிருந்து மணல் விலகிப் படகு லேசாக அசைந்தது. அவ்வளவுதான். பழைய லைனில் இருந்த எல்லாப் படகுகளும் ஒரே சமயத்தில் ஜெட்டியை விட்டுக் கிளம்பின. மத்தியாஸ் தம்மை அறியாமல் கத்தினார்.

"ஏறுங்க! மேலே ஏறுங்க!"

அந்தக் குரலைக் காலனி மறந்திருக்கவில்லை. எல்லாருடைய தலைக்குள்ளும் அதே லைன் திறந்தது. படகிலிருந்து குதித்து மத்தியாஸும் ஓடினார். ராசம்மா தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜெரால்டு ஒரு கன்னத்துச் சோப்பு நுரையோடு ஓடினார். பங்குத் தந்தை அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து ஓடினார். எல்லாருக்கும் முன்னால், முதுகு வலிக்காரர் தொம்மை போய்க்கொண்டிருந்தார்.

மேட்டின் உச்சியில் ஏறி நின்று பார்த்தால் கடல், தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது.

"என்ன பெரியவரே," என்று மூச்சு வாங்கினார் பங்குத் தந்தை. "தண்ணி வந்த மாதிரி தெரியலையே?"

ஊரே பார்த்தது. பாட்டனார் காலத்திலிருந்து காத்த மானம் ஒரு நூலில் தொங்கியது. மத்தியாஸ் மார்பை நிமிர்த்தினார்.

"ஒத்திகை," என்றார்.

"ஒத்திகையா?"

"எவ்வளவு சீக்கிரம் ஏறுறீங்கன்னு பார்த்தேன். பரவாயில்ல."

பங்குத் தந்தை நெகிழ்ந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பீடத்திலிருந்தே அறிவித்தார். "கரையில் நின்று நம்மைக் காவல் காக்கும் நம்முடைய பெரியவர், இந்த ஆண்டு மாதாவைத் தம் படகில் ஏற்றிச் செல்வார்!" 

கோயில் அதிரக் கைதட்டினார்கள். மூத்தவர்களின் பெஞ்சில் மட்டும் ஒருவரும் தட்டவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டார் மத்தியாஸ்.

அன்றிலிருந்து தினமும் படகில் உட்கார்ந்தார். அது அசையும்போது பல்லைக் கடித்தார். பிறகு பல்லைக் கடிக்காமல் இருந்தார். பிறகு கயிற்றின் நீளத்துக்குத் துடுப்புப் போட்டார். ஒரு நாள் அவரே கயிற்றை அவிழ்த்துவிட்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதவர்போல் காப்பி கேட்டார். லூசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

திருவிழாவுக்கு முந்திய நாள் துடுப்பைக் காணவில்லை.

"ஜெரால்டு அண்ணன் வந்தாரு," என்றாள் லூசி. "பாலீஷ் போட்டுத் தர்றேன்னு எடுத்துட்டுப் போனாரு."

மத்தியாஸ் நேரே ஜெரால்டு வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த துடுப்பை இழுத்தார்.

"பாலீஷ் இன்னும் காயலியேவே!" என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார் ஜெரால்டு.

"காயாட்டி என்ன? தண்ணியிலதானே போகப் போகுது!"

இரண்டு பெரிய மனிதர்களும் கட்டிலைச் சுற்றி இழுத்தார்கள். ஜெரால்டின் மனைவி செல்லம்தான் புருஷனின் கையை விலக்கிவிட்டாள். "கொண்டு போங்க மச்சான். மாதா துணை."

திருவிழாக் காலை. பேண்டு முழங்கியது. சொரூபத்தைத் தூக்கி வந்து பர்னாந்து வீட்டுப் படகில் நிறுத்தினார்கள். பங்குத் தந்தை ஏறி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மத்தியாஸ் தண்ணீரில் கால் வைத்தார். கணுக்கால். முழங்கால். உள்ளே எங்கோ பழைய லைனின் சங்கு ஊதியது.

"இன்னைக்கு அந்த லைன்ல டிக்கெட் இல்ல," என்றார் உரக்க.

"என்ன சொன்னீங்க?" என்றார் பங்குத் தந்தை.

"ஒண்ணும் ஆகல சாமி."

ஏறினார். துடுப்பை வலித்தார். படகு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வலித்தார். ஒன்றும் ஆகவில்லை. கரையில் வெடி வெடித்தது, பெண்கள் குரவையிட்டார்கள், "மாமா! மாமா!" என்று ஷெர்லின் குதித்தது பேண்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பாறை முனையைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. உப்பு உதட்டில் பட்டது. இத்தனை வருடம் இந்த ருசியையா ஒதுக்கி வைத்திருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. முதுகு தானாக நிமிர்ந்தது. பாட்டனார் பார்த்திருந்தால் மீசையைத் தடவியிருப்பார்.

திரும்பிப் பார்த்தார். முறைப்படி காலனியின் அத்தனை படகுகளும் பின்னால் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூத்தவர். மாதாவுக்கும் மத்தியாஸ் பர்னாந்துக்கும் பின்னால் கடலே அணிவகுத்து வந்தது. 

வென்றவன் கொஞ்சம் ருசித்துப் பார்க்கலாம். துடுப்பை நிறுத்தி, ஜெரால்டின் படகு அருகில் வரும்வரை காத்திருந்தார். அதில் ஜெரால்டின் மகன்தான் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஓய் ஜெரால்டு, முதல் படகு கைக்கு வரலியேன்னு வருத்தமா?"

ஜெரால்டு கண்களை இறுக மூடியிருந்தார். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். அவருக்குப் பின்னால் தொம்மையும் மற்ற மூத்தவர்களும் அதே மாதிரிதான் வந்தார்கள்.

"முதல் படகு எவனுக்குவே வேணும்?" என்றார் ஜெரால்டு, கண்ணைத் திறக்காமலே. "பாவி மனுசா, உன் பயத்தை நம்பித்தானே நாங்க எல்லாரும் இத்தனை வருசம் தைரியமா இருந்தோம்!"