வடகம் காயாத ஊருக்கு ஒரு டிக்கெட்

டிக்கெட் விற்காமல் இருப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சீசன் அண்ணன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அண்ணன் கவுண்டரில் இருப்பார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. எந்த நாட்டுக்கு டிக்கெட் கேட்டாலும், "அங்க இப்ப சீசன் சரியில்லையே" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஊரே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

விமானக் கம்பெனிகள் அனுப்பும் வழவழப்பான புத்தகங்களை அவர் நம்ப மாட்டார். "பூரா வெயில் படமா போட்டிருக்கான், மழையே பெய்யாத மாதிரி" என்று தள்ளிவிடுவார். அவருக்கு இரண்டே கேள்விகள்தான். அந்த ஊரில் வடகம் எத்தனை நாளில் காயும்? இட்லி மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும்? வெளிநாட்டில் குடியிருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கடிதம் எழுதி இதை விசாரிப்பார். பதில் வந்ததும் ஒரு நீள நோட்டில் ஊர்வாரியாக, மாதவாரியாக எழுதிவைப்பார். மோசமான மாதத்துக்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. ரொம்ப மோசம் என்றால் மூன்று. பக்கத்தில் "வேண்டாம்".

அதோடு விட்டாரா? அங்கே நல்ல மாதமாக இருந்தால் இங்கே பஞ்சாங்கத்தைப் பிரிப்பார். ஆடியில் கிளம்பக் கூடாது, மார்கழியில் கூடவே கூடாது. பங்குனியில் குன்றக்குடித் திருவிழாவை விட்டுவிட்டு எவனாவது போவானா? இப்படியே பன்னிரண்டு மாதத்தையும் அடித்து முடித்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல், "அடுத்த வருஷம் பாப்போமே" என்பார்.

ஒருநாள் கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். மகன் லண்டனில்.

"எந்த மாசம் போறதா இருக்கீக ஆச்சி?"

"தையில போகலாம்னு இருக்கேன்ப்பா."

"தையிலயா! மாவை அரைச்சு வச்சா மூணு நாளானாலும் பொங்காது. ஒங்க மகன் கல்லு மாதிரி இட்லியத் தின்னுட்டு, ஆத்தாவுக்குக் கைப்பக்குவம் போயிருச்சுன்னு நெனைப்பாக. இது தேவையா?"

ஆச்சி நீட்டிய பாஸ்போர்ட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். உள்ளறையில் முதலாளி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் அதே ஆச்சி ஆனியில் போய்வந்து, "பூ மாதிரி பொங்குச்சுப்பா!" என்று ஊரெல்லாம் சொல்லி, சொந்தக்காரர்களை வண்டி வண்டியாக அனுப்பிவைத்தார். அண்ணனுக்கு வேலை போகாமல் இருந்தது இதனால்தான்.

அண்ணனுடைய ஒரே மகள் வள்ளி, தாயில்லாப் பெண், மலேசியாவில் குவாந்தான் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "அப்பச்சி, வாங்க" என்று மூன்று வருஷமாக அப்பாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். இவரும் மூன்று வருஷமாக மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்துவைத்த பாஸ்போர்ட் மேசை டிராயரில் தூங்கியது. எனக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் மாசம் பாக்குறீகளே, பெத்த பிள்ளையப் பாக்க ஒரு மாசங்கூடவா தேறல? ஏரோப்ளேனுக்குப் பயமா?"

அண்ணன் பேனாவை மூடினார்.

"போறதுக்கென்ன ஸ்டெல்லா, போயிரலாம். திரும்பி வரணும்ல? மெட்ராசுல அவள ஏத்திவிட்டுட்டு வந்தேன் பாரு, காரைக்குடி வந்து சேர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வரல. இன்னொரு தடவை விட்டுட்டு வர்றதுக்கு எந்த மாசம் நல்ல மாசம், நீயே சொல்லு."

நான் கேள்வியை விட்டுவிட்டு டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது எவ்வளவு அபூர்வம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

அந்த வருஷம் வள்ளி உண்டானாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவதாகத்தான் இருந்தது. "ஐப்பசி அடைமழையில அலைய வேணாம், கார்த்திகையில வாத்தா" என்று தள்ளிப்போட்டவர் அண்ணன்தான். கார்த்திகை பிறந்தபோது, இனி விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் நோட்டைத் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் காலை, ஆபீசுக்கு மாப்பிள்ளையின் போன். வள்ளிக்கு ரத்தக்கொதிப்பு, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாதாம். அப்பச்சி எப்ப வருவாக என்று கேட்டு அழுகிறாளாம். போனை வைத்துவிட்டு அண்ணன் நோட்டை எடுத்தார். குவாந்தான், டிசம்பர். மூன்று பெருக்கல் குறி. வேண்டாம்.

"ஸ்டெல்லா, எனக்கு டிக்கெட் போடு."

"அண்ணே, மார்கழிண்ணே. அங்குட்டு பேய்மழை. மூணு பெருக்கல்..."

"எழுதுனது நாந்தானே? எனக்குப் படிக்கத் தெரியாதா? போடுன்னா போடு!"

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். நான் டிக்கெட் புத்தகத்தை எடுத்தேன். முதலாளியே மெட்ராசுக்குப் போன் மேல் போன் போட்டு விசாவை முடித்தார். பிறகு வாசலுக்கு ஓடி, "சீசன் அண்ணன் டிக்கெட் எடுத்துட்டாருய்யா!" என்று எதிர் டீக்கடையைப் பார்த்துக் கத்தினார். டீக்கடையில் ஒருவரும் நம்பவில்லை.

அண்ணன் விமானம் ஏறிப் பதினைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. நான் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினேன். முதலாளி குன்றக்குடிக்கு நடந்தே போய்வந்தார். அப்புறம் கடிதம் வந்தது.

"வள்ளியும் பேத்தியும் சுகம். வந்ததிலிருந்து சூரியனையே பார்க்கவில்லை. பேத்தியின் துணி ஒன்றும் காயவில்லை. ஒவ்வொன்றாக ஃபேனுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாப்பிள்ளை சிரிக்கிறார். எனக்குக் கை வலிக்கவே இல்லை."

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "விட்டுட்டு வர்றப்ப எப்படிண்ணே இருந்துச்சு?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அழுதேன். ஆனா மூச்சு வந்துச்சு. அடுத்த மார்கழிக்கே வர்றேன்னு பேத்திகிட்டச் சொல்லியிருக்கேன்ல."

சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தார். மூன்று பெருக்கல் குறியும் அப்படியே இருந்தன. "வேண்டாம்" என்பதை மட்டும் அடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் எழுதினார்: "வடகம் காயாது. துணியும் காயாது. போகலாம்."

பல வருஷம் கழித்து ஆபீசை மூடியபோது, "உனக்கு என்னம்மா வேணும், டைப்ரைட்டரை எடுத்துக்கிறியா?" என்றார் முதலாளி. நான் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.