மூக்கு வழியாகக் கேட்ட கிட்டார்

"இந்த வீட்டுல ஒரு மனுஷன் நிம்மதியா ஒரு கம்பியைத் தட்ட முடியுதா? மிக்ஸியைப் போட்டா என் கிட்டாருக்குக் காய்ச்சல் வருது. டியூப்லைட்டைப் போட்டா ஜன்னி வருது!"

சூப்பர்வைசர் இதைக் கூடத்திலிருந்து சொன்னார். சமையலறையிலிருந்து பதில் வரவில்லை. அதனால் ஒரு எழுத்து மாறாமல் இன்னொரு தடவை சொன்னார்.

மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள்.

"ரெண்டு தடவையும் காதுல விழுந்துச்சு. மிக்ஸி போன வாரமே செத்துப் போச்சு. நான் உரல்ல இடிச்சுக்கிட்டிருக்கேன். உரலுக்கு எந்த ஊர்ல கரண்ட்?"

"அப்புறம் ஏன் இப்படி இரையுது?"

"என்னைக் கேட்டா? அந்தக் கிட்டாரைப் பெத்தவர் நீங்க. நீங்களே கேளுங்க."

டயர் கம்பெனியின் ஸ்டோர்ஸில் அவர் சூப்பர்வைசர். அங்கே பதினாறு பேர் அவர் குரலுக்கு ஓடுவார்கள். வீட்டில் அந்தக் குரல் கூடத்தைத் தாண்டாது. அதற்காகவே எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினாரோ என்று மனைவிக்கு ஒரு சந்தேகம் உண்டு. யாரோ பத்து வருஷம் வாசித்துச் சலித்துப்போன கிட்டார். அதன் தந்திகளுக்கு அடியில் விரல் நீளத்தில் மூன்று வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள். ஒவ்வொரு மூடிக்குள்ளும் காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய தாமிரக் கம்பி. பிக்கப் என்று பெயர். தந்தி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு, அதாவது ஆம்ப்புக்கு, அனுப்புவது அதன் வேலை. அக்கம்பக்கத்துக் கரண்ட்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்து அனுப்புவது அதன் குணம்.

சும்மா மடியில் வைத்திருந்தாலே 'ங்ங்ங்ங்' என்று ஒரு முனகல். வயிறு சரியில்லாத தேனீ மாதிரி.

இத்தனை நாளும் அந்தத் தேனீயோடுதான் குடும்பம் நடத்தினார். இப்போது முடியாது. கம்பெனி ஆண்டுவிழா வருகிறது. போன வருஷம் அவர் மேடையில் கிட்டாரை ஆம்ப்பில் செருகியதும் முன்வரிசையில் மேனேஜர் கொசுவை அடிப்பதுபோல் காற்றில் கையை வீசினார். கூட்டம் சிரித்தது. கேஷியர் அதோடு விடவில்லை. அவர் கீபோர்டு வாசிப்பவர். "சார், இந்தத் தடவையும் கொசு வந்துச்சுன்னா அந்த சோலோவை நான் வாசிச்சுடறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று கேன்டீனில் நாலு பேர் முன்னால் ஆறுதல் சொல்லிவிட்டார். அந்த ஆறுதல் சூப்பர்வைசரின் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்தது.

ஆகவே அன்றைக்கே முடிவு செய்தார். பிக்கப் மாற்றுவது. வீடே எதிர்த்தாலும் மாற்றுவது.

வீடு என்பது ஒரே ஒருத்திதான். ஆனால் முழுப் பெரும்பான்மை அவளிடம் இருந்தது.

"காந்தம், அதைச் சுத்திக் கம்பி. அவ்வளவுதானே?" என்றாள் அவள். "நம்ம காலிங்பெல்லுக்குள்ளயும் அதானே இருக்கு?"

"காலிங்பெல்லும் கிட்டாரும் ஒண்ணா?"

"காலிங்பெல் அடிச்சா யாராவது வருவாங்க. நீங்க அடிச்சா இருக்கிறவங்களும் போயிடறாங்க. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆமா, எதுக்கு மூணு?"

"ஒண்ணு கழுத்துப் பக்கம். ஒண்ணு நடுவுல. ஒண்ணு கடைசியில. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு குரல்."

"இந்த வீட்டுல ஒருத்தியே எல்லா இடத்துலயும் நிக்கிறா. அவளுக்குக் குரலே கிடையாது. சரி, புதுசு வாங்கினா இரைச்சல் போயிடுமா?"

இங்கே சூப்பர்வைசர் கொஞ்சம் தடுமாறினார். இந்த மாதிரி ஒற்றைச் சுருள் பிக்கப் எல்லாமே கொஞ்சம் இரையும் என்று அவர் படித்திருந்தார். படித்த எல்லாவற்றையும் வீட்டில் சொல்ல வேண்டுமா என்ன?

"நல்ல செட்டுல நடுவுல இருக்கிறதை மட்டும் எதிர்ப்பக்கமா சுத்தியிருப்பாங்க. அதையும் பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துப் போட்டா, ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு விழுங்கிடும்."

"ரெண்டும் எதிரும் புதிருமா இருந்தா வீடு அமைதியா இருக்குமா?"

"ஆமா."

"அப்ப நம்ம வீடு ஏன் இப்படி இருக்கு?"

அவர் பேச்சை மாற்றினார். ஃபோனை நீட்டினார். இரண்டு செட்டுகள். ஒன்று மலிவு, வெள்ளை மூடி. வாங்கியவர்கள் 'தகரம் மாதிரி கீச்சுக் குரல்' என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்று விலை இரண்டரை மடங்கு. அதற்கும் மேலே போனால் கிட்டாரையே விற்றுத்தான் பிக்கப் வாங்க வேண்டும் என்பதால் அவர் கணக்கில் இதுவும் மலிவுதான். 'தேன் வழிகிறது', 'கண்ணாடி மணி' என்று பாராட்டு குவிந்திருந்தது. அதன் மூடி வெள்ளை இல்லை. கொஞ்சம் பழுத்த நிறம்.

"ஏன் இது அழுக்கா இருக்கு?"

"அழுக்கு இல்ல. பழைய காலத்து நிறம். வேணும்னே அப்படிப் பண்றாங்க. அதுக்குத்தான் மதிப்பு."

"பழசாத் தெரியறதுக்கு அதிக விலையா?" அவள் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். சோஃபா, திரைச்சீலை, கடைசியில் அவர். "அப்ப நாம பணக்காரங்கதான். எனக்குத்தான் இத்தனை நாளாத் தெரியலை."

"விளையாடாதே. குரலைக் கேட்டா உனக்கே புரியும்."

"சரி. ரெண்டையும் வரவழைங்க. பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துடலாம்னுதானே போட்டிருக்கு? கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேளுங்க. எது விலை ஜாஸ்தின்னு உங்க காது சரியாச் சொல்லிடுச்சுன்னா அதையே வச்சுக்கோங்க. தப்பாச் சொன்னா ரெண்டும் திரும்பிப் போகும். அந்தப் பணத்துக்கு மிக்ஸி வரும்."

இவ்வளவு நியாயமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்த இடத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது சந்தோஷம். ஏனென்றால் கண்ணைக் கட்டினாலும் அவருக்குத் தெரியும். இறைவன் அவருக்குத் தாராளமான மூக்கைக் கொடுத்திருந்தான். துண்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்குக்கு இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விழும். அதன் வழியாக நேர் கீழே பார்த்தால் தொப்பை தெரியும். தொப்பையின்மேல் கிட்டார் தெரியும். கிட்டாரில் மூடியின் நிறம் தெரியும். குளியலறைக் கண்ணாடி முன் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார். இரண்டு தடவையும் தன் வேட்டியின் கரையை ஒழுங்காகப் பார்த்தார்.

பெட்டிகள் வந்தன. மனைவியே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "சோதனைக்கு முன்னாடி தொடக்கூடாது. அதுதான் முறை."

பிக்கப் மாற்றக் கீழ்த்தளத்து ரேடியோக்காரர் ஒப்புக்கொண்டார். செத்த மிக்ஸியை மூன்று தடவை உயிர்ப்பித்தவர் அவர். நாலாவது தடவை அவரே கைவிரித்துவிட்டார். அந்த வருத்தம் அவர் முகத்தில் இன்னும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரேடியோக்காரர் ஒரு செட்டை மாட்டிவிட்டதாகச் சொல்லிக் கிட்டாரைக் கொண்டுவந்தார். சூப்பர்வைசர் டிவிக்கு எதிரே தம் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி துண்டைக் கட்டினாள்.

"இறுக்குதா?"

"ஒண்ணுமே தெரியலை. ஒரே இருட்டு."

தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கீழே பார்த்தார். வெள்ளை. மலிவுச் செட்டு. ஆம்ப்பைப் போட்டார்கள். 'ங்ங்ங்ங்.'

"ஐயய்யே! தகரம்! சுத்தத் தகரம்! இரைச்சலைப் பாரு. இதை மனுஷன் வாசிப்பானா?"

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள் மனைவி.

"உன் காதுக்குத் தெரியாதும்மா. இதெல்லாம் பழகின காதுக்குத்தான்."

ரேடியோக்காரர் கிட்டாரை எடுத்துக்கொண்டு கீழே போனார். துண்டை அவிழ்க்க மனைவி விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விளக்குமாற்றின் சத்தம் வந்தது.

"எழுந்திருங்க. சாமான் பிரிச்ச குப்பை. பெருக்கணும்." அவள் கையைப் பிடித்து நடத்தி, நாற்காலியை இழுத்து, வேறெங்கோ உட்கார வைத்தாள். அவரும் உட்கார்ந்தார். இருபது வருஷமாக விளக்குமாறு வந்தால் காலைத் தூக்குவதும் திரும்புவதும் அவருக்கு மூச்சு விடுவதுபோல.

கிட்டார் மடிக்கு வந்தது. மூக்கின் வழியே பார்த்தார். ஆஹா! பழுத்த நிறம். மூன்று மூடிகளும் அந்திச் சூரியன் மாதிரி மின்னின. ஆம்ப்பைப் போட்டார்கள்.

சத்தமே இல்லை.

முனகல் இல்லை, தேனீ இல்லை. ஒரு தந்தியைத் தட்டினார். அந்தச் சத்தம் மட்டும் தனியாக, சுத்தமாக எழுந்து நின்றது. கண்கட்டுக்குள் அவர் கண் கலங்கியது. திருட்டுத்தனமாகப் பார்த்ததுகூட மறந்துபோனது.

"இது! இதுதான்! தேன்! விலை ஜாஸ்தியான செட்டு!"

"நிச்சயமா?"

"சத்தியமா!"

"இனிமே வேற எதுவும் கேக்க மாட்டீங்களே?"

"சாகிற வரைக்கும் எனக்கு இது போதும்!"

"ரேடியோக்காரரே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுச்சுக்கா," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

துண்டு அவிழ்ந்தது. "தோத்துட்டேன். உங்க காதே காது" என்று மனைவி சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முதல் வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. அன்று மத்தியானம் அவர் தூங்கவே இல்லை. படுத்துக்கொண்டே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி மட்டும் சமையலறையைப் பார்த்தபடியே தங்கிவிட்டது. பழைய இடத்தில் செருப்பு வைக்கும் அலமாரி வந்து உட்கார்ந்தது. அதை யார் கவனிக்கிறார்கள்? அவர் தினமும் வாசித்தார். தேன் வழிந்தது.

ஆண்டுவிழா. கேன்டீன் ஹாலில் மேடை. அவருடைய முறை வந்தது. கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்று ஆம்ப்பைப் போட்டார்.

'ங்ங்ங்ங்ங்.'

குமிழ்களையெல்லாம் திருகிப் பார்த்தார். தேனுக்கு என்ன ஆச்சு? முன்வரிசையில் மேனேஜரின் கை கொசுவைத் தேடி மேலே எழுந்தது. கேஷியர் பெருந்தன்மையோடு கீபோர்டில் விரல்களை வைத்தார்.

அப்போது மூன்றாவது வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். அவரை நேராகப் பார்த்தாள். இரண்டு கையாலும் இல்லாத ஒரு விளக்குமாற்றைப் பிடித்து, குனிந்து, காற்றைப் பெருக்கினாள்.

சூப்பர்வைசரின் மூளை யோசிக்கவில்லை. கால் யோசித்தது. ஒரு காலைத் தூக்கிச் சட்டென்று மறுபக்கம் திரும்பினார்.

இரைச்சல் நின்றது.

இப்போது அவர் எதிரே சுவரும் ஒரு தீயணைப்பு வாளியும்தான் இருந்தன. கூட்டத்துக்குத் தெரிந்தது அவர் முதுகு. மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் நகர்ந்து பார்த்தார். 'ங்ங்.' உடனே வாளியிடம் திரும்பினார். வாளிக்கே சோலோ முழுவதையும் வாசித்தார். வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. விசில் பறந்தது. "அந்தத் திரும்பல் இருக்கே, என்ன ஸ்டைல் சார்!" என்று மேனேஜர் கையைக் குலுக்கினார். கேஷியர் கைதட்டியே ஆகவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "ஏய், திரும்பினா நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெருக்குறவ நான். காலைத் தூக்கிட்டு சமையலறைப் பக்கம் நீங்க திரும்பும்போதெல்லாம் அது வாயை மூடிக்கும். டிவி பக்கம் திரும்பினா ஆரம்பிச்சுடும். எத்தனை வருஷமாப் பாக்கறேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"பெருக்குறவ சொன்னா கேப்பீங்களா? பழகின காதாச்சே."

அவர் சிரித்துக்கொண்டார். இன்று எதையும் மன்னிக்கலாம். "என்ன இருந்தாலும் அந்தத் தேன் செட்டு செட்டுதான்" என்று கிட்டாரை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனவர், சமையலறை மேடையில் ஒன்றைப் பார்த்து நின்றார். புத்தம் புதிய மிக்ஸி. மூன்று ஜார்.

"இது ஏது?"

"அந்த ரெண்டு பெட்டியையும் திருப்பிக் கொடுத்தேன்ல, அந்தப் பணம். மேல கொஞ்சம் என் கையிலேருந்து போட்டேன். வந்து பத்து நாளாச்சு. உங்க ப்ரோக்ராமுக்கு நீங்க கிளம்புற வரைக்கும் பெட்டியைப் பிரிக்கலை. உங்க தைரியம் போயிடக்கூடாதே."

"ரெண்டையுமா? ஒண்ணுதான் கிட்டார்ல இருக்கே!"

"கிட்டார்ல இருக்கிறது உங்க பழசு."

"பொய்! நான் என் கண்ணால..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. கண்ணைக் கட்டியிருந்தேனே. கண்ணால என்ன பாத்தீங்க?"

சூப்பர்வைசர் ஒன்றும் பார்க்கவில்லை.

"உங்க மூக்கு எனக்குத் தெரியாதா? குளியலறைக் கதவைத் தாழ் போடாம ஒத்திகை வேற. ரெண்டு தடவையும் அதே பழைய பிக்கப்தான். நடுவுல ரேடியோக்காரர் மூடியை மட்டும் மாத்தினாரு. அவர்கிட்ட உடைஞ்ச கிட்டார்லேருந்து கழட்டின மூணு மூடி சும்மா கிடந்துச்சு. முந்தின நாளே டீத்தூள் தண்ணியில கொதிக்க வச்சு ஊறப்போட்டேன். பழைய காலத்து நிறம் வந்துடுச்சு."

அவர் கிட்டாரைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். நடு மூடியை முகர்ந்தார். லேசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், டீ.

"இது மோசடி. ரேடியோக்காரரைக் கூப்பிடு!"

"கூப்பிடலாமே. சாகிற வரைக்கும் இது போதும்னு நீங்க சொன்னதுக்கு அவர்தான் சாட்சி."

அவர் நாற்காலியில் விழுந்தார். வேறு வழி தெரியாமல் ஆம்ப்பைப் போட்டார். சமையலறையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அமைதி. சரி, போகட்டும். பழசோ புதுசோ, இதுவாவது மிஞ்சியதே. ஒரு தந்தியைத் தட்டினார்.

மனைவி மிக்ஸியின் குமிழைத் திருகினாள்.

வீடு அதிர்ந்தது. ஆம்ப்பும் சேர்ந்து அதிர்ந்தது. அவர் டிவி பக்கம் திரும்பினார். நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். வாசல் பக்கம் திரும்பினார். காலைக்கூடத் தூக்கிப் பார்த்தார். மிக்ஸி இரண்டாம் வேகத்துக்கு ஏறியது.

"ஏம்மா... கொஞ்சம் அதை நிறுத்தேன்?"