நான் கனடாவைப் பூட்டின கதை

போன கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கனடாவில இருக்கிற ஒரு கலியாண வீடியோவை எங்கட ஊர் சரவணைக்குக் கொண்டு வரோணும்.

அவ்வளவுதான். ஒரு மணித்தியால வேலை எண்டுதான் நினைச்சனான்.

என்னைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லிவிடுறன். நான் பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் ரீச்சர். பிள்ளையளுக்கு 'கணினிப் பாதுகாப்பு' எண்டு ஒரு பாடம் படிப்பிக்கிறனான். இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு எனக்கு எதிரா வரும்.

கலியாணம் என்ர மச்சாள் வாசுகியின்ர. இவரின்ர, என்ர மனிசனின்ர, ஒரே தங்கச்சி. மாமிக்கு, அதாவது இவரின்ர அம்மாவுக்கு, ரண்டு தரம் விசா குடுக்கேல்லை. பெத்த மகளின்ர கலியாணத்துக்குத் தாய் போகேல்லை. அதுக்கெண்டு வாங்கின நாவல் நிறப் பட்டுச்சீலை, தைச்ச சட்டையோட அலுமாரிக்குள்ள போட்டுது.

கலியாணத்தண்டைக்குப் போனிலதான் நேரலையாப் பாத்தம். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின்ர கையில குடுக்கிறார். மேளம் கெட்டியா அடிக்குது. நெற் நிண்டிட்டுது!

வட்டம் சுத்துது. சுத்துது. சுத்திக்கொண்டே இருக்குது. திரும்பிப் படம் வரேக்க வாசுகியின்ர கழுத்தில தாலி கிடக்குது.

"கட்டியாச்சோ?" எண்டு மட்டும் மாமி கேட்டா. பிறகு எழும்பிக் குசினிக்குள்ள போட்டா. 

போன கிழமைதான் வீடியோக்காரர் முழு வீடியோவையும் வாசுகியிட்டைக் குடுத்தவர். நாலு மணித்தியாலம். வட்ஸ்அப்பில துண்டு துண்டா அனுப்பலாம், ஆனா முகமெல்லாம் கரைஞ்ச ஐஸ்கிறீம் மாதிரித்தான் வரும். மாமி தாலி கட்டுறதைப் பெரிய ரிவியில வடிவாப் பாக்கோணும் எண்டு நான் முடிவெடுத்திட்டன்.

இவர் சொன்னார், "அடுத்த மாசம் அங்கயிருந்து ஆரோ வருகினமாம். பென்டிரைவில குடுத்துவிடச் சொல்லுமன்."

"பென்டிரைவோ? நான் கொம்பியூட்டர் ரீச்சர்!"

இவர் பேப்பரைத் திருப்பினார்.

வீட்டில ஒரு பழைய லப்ரொப் கிடந்தது. ஸ்கிரீன் செத்துப்போச்சு, மற்றதெல்லாம் உயிரோட. அதில ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவி, அலுமாரிக்கு மேல, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில வைச்சன். அதுக்குப் பேர் மீடியா சேர்வர்.

அதின்ர வேலை இதுதான். வாசுகி கனடாவில தன்ர கொம்பியூட்டரில ஒரு கோப்புறைக்குள்ள வீடியோவைப் போட்டு வைப்பா. இங்க ராத்திரி பன்னிரண்டுக்கு இரவு டேட்டா தொடங்கினவுடன என்ர சேர்வர் தானே எழும்பும், தானே இறக்கும், விடியத் தானே ரிவியில அடுக்கி வைக்கும். நான் நித்திரை.

வெள்ளிக்கிழமை சோதிச்சுப் பாத்தம். வாசுகி ஏதோ ஒரு வீடியோவைப் போட்டுவிட்டவா. விடிய எழும்பிப் பாத்தால் வந்து கிடக்குது! சேர்வர் தானாவே அதுக்கு ஒரு போஸ்ரரும் தேடிப் போட்டிருக்கு. ஒரு பாழடைஞ்ச வீடு, யன்னலுக்குள்ள ஒரு வெள்ளை உருவம். வாசுகி அதுக்கு 'ஹோல்' எண்டுதான் பேர் வைச்சவா. அந்தப் பேரில ஒரு பேய்ப்படம் இருக்காக்கும், சேர்வர் அதெண்டு நினைச்சிட்டுது.

பரவாயில்லை. வந்தது வந்ததுதானே.

மாமிக்குச் சந்தோசம் பிடிபடேல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டிட்டா. பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா. மண்கும்பானில இருந்து ராணி அக்கா. புங்குடுதீவில இருந்து ரண்டு பேர் பஸ் பிடிச்சு வருகினமாம். பயத்தம் பணியாரம் சுடத் தொடங்கியாச்சு.

அப்பதான் இவர் ஒரு கேள்வி கேட்டார்.

"உதுக்குள்ள வேற ஆரும் பூந்தால்?"

கேட்டிருக்கக் கூடாது.

உடன இருந்து பாதுகாப்புச் செய்தன். இருபத்திரண்டு எழுத்தில பாஸ்வேர்ட். எங்கயும் எழுதி வைக்கேல்லை, எழுதக் கூடாதெண்டு படிப்பிக்கிறவள் எழுதலாமோ? மூண்டு தரம் பிழையா அடிச்சால் இருபத்து நாலு மணித்தியாலத்துக்குப் பூட்டு. ஆரெண்டாலும் பூட்டு. எனக்கும் அதே சட்டம். அப்பிடி ஒரு நியாயவாதி நான்.

சனி பின்னேரம் ஆறு மணிபோல, சும்மா ஒருக்கால் சேர்வரின்ர பதிவைத் திறந்து பாத்தன். ஆர் ஆர் உள்ள வரப் பாத்தது எண்டு அதில இருக்கும்.

ஒரு பக்கம் முழுக்க நிறைஞ்சு கிடக்குது.

ஜேர்மனியில இருந்து ஒருத்தர் தட்டியிருக்கிறார். பிரான்ஸில இருந்து நாலு பேர். சுவிஸ். நோர்வே. இங்கிலாந்து. அவுஸ்திரேலியா. கனடாவில இருந்து மட்டும் பதினொரு பேர்! எல்லாம் ரண்டு மணித்தியாலத்துக்குள்ள.

"இஞ்சேருங்கோ! ஏழு நாட்டில இருந்து தாக்கிறாங்கள்!"

இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சார். "எங்களையோ?"

"ஓம்!"

"எங்களிட்ட என்ன கிடக்குது?"

"கலியாண வீடியோ."

இவர் கோப்பையைத் திரும்ப எடுத்திட்டார்.

நான் பதிவை வடிவாப் படிச்சன். ஒவ்வொருத்தரும் என்ன பேரைப் போட்டு உள்ள வரப் பாத்ததெண்டும் அதில இருக்கு. ஒருத்தன் 'சரவணை' எண்டு போட்டிருக்கிறான். ஒருத்தன் 'பிள்ளையார்'. நோர்வேக்காரன் 'கிளி' எண்டு போட்டிருக்கிறான்.

 கிளி எண்டது வாசுகியை வீட்டில கூப்பிடுற பேர். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. சொந்தக்காரர் மட்டும்தான் கூப்பிடுறவை. அதைக்கூடக் கண்டுபிடிச்சிட்டாங்கள்! இவங்கள் சாதாரண கள்ளர் இல்லை, குடும்பத்தையே ஆராய்ச்சி செய்துபோட்டு வந்திருக்கிறாங்கள்.

அந்த ஆராய்ச்சியில ஒரு சொட்டு எனக்கு இருந்திருக்கலாம்.

நாடு நாடாப் பூட்டுறதுக்கு ஒரு வசதி இருக்கு. பேரைத் தெரிஞ்செடுத்து ஒரு தட்டுத் தட்டினால் அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜேர்மனி, தட்டு. பிரான்ஸ், தட்டு. ஏழு தட்டு. கனடாவைத் தட்டேக்க மட்டும் மனசுக்குள்ள ஏதோ ஒண்டு சின்னதா உறுத்திச்சு. பசியாக்கும் எண்டு விட்டிட்டன்.

அண்டைக்குச் சாப்பிட்டிட்டு நல்ல நித்திரை.

ஞாயிறு காலமை பத்து மணி. எட்டுப் பேரும் வந்திட்டினம். விறாந்தைக் கதிரையெல்லாம் உள்ளுக்கு வந்திட்டுது. மாமி அறையை விட்டு வெளியில வந்தா.

நாவல் நிறப் பட்டுச்சீலை கட்டியிருந்தா. கையில ஒரு தட்டம். தட்டத்தில அறுகரிசி.

"அது என்னத்துக்கு மாமி?"

"தாலி கட்டேக்க போடோணுமெல்லே பிள்ளை. அண்டைக்குப் போடேல்லை."

நான் ரிவியைப் போட்டன். அதில ஒரே ஒரு படம் கிடந்தது. பாழடைஞ்ச வீடு, யன்னலுக்குள்ள வெள்ளை உருவம்.

கலியாணம் வரேல்லை.

"இதென்ன பிள்ளை, மாப்பிள்ளை வீடோ?" எண்டா பூமணி அக்கா.

"இல்லையக்கா, இது... இதுதான் தொடக்கம்."

வேற வழி தெரியேல்லை. அதையே தட்டிவிட்டன். படம் தொடங்கிச்சு. வெறும் ஹோல், கலியாண மண்டபம். வரிசையாக் கதிரை. கலியாணத்துக்கு முதல்நாள் ஹோல் பாக்கப் போன இடத்தில வாசுகி எடுத்த வீடியோ அது. கமராவை எங்கயோ வைச்சிட்டு நிப்பாட்ட மறந்திட்டா. நாப்பத்தேழு நிமிசம்.

எட்டுப் பேரும் மரியாதையாப் பாத்தினம்.

"கதிரைக்கெல்லாம் உடுப்புப் போட்டிருக்கு," எண்டா பூமணி அக்கா.

"அங்க அப்பிடித்தான்," எண்டா மாமி, அடிக்கடி போய் வாற ஆள் மாதிரி.

பதினைஞ்சு நிமிசம் போச்சு. ஒரு பெடியன் வந்து ஒரு கதிரையை நகத்தி வைச்சிட்டுப் போனான். எல்லாரும் நிமிந்து இருந்தினம்.

"உது ஆர்? மாப்பிள்ளையோ?"

"இல்லை, ஹோலில வேலை செய்யிற ஆளாக்கும்."

"நல்ல அமைதியான பெடியன்," எண்டா ராணி அக்கா. அவவின்ர மகளுக்கு இடம் பாத்துக்கொண்டு இருக்கிறா. "கலியாணம் கட்டினதோ தெரியேல்லை."

அந்த நேரம் என்ர போன் அடிச்சுது. வாசுகி. அங்க சாமம் ஒரு மணி. நான் குசினிக்குள்ள ஓடினன்.

"அண்ணி, வீடியோ போகுதில்லை! உங்கட சேர்வர் என்னைக் கிட்டவும் எடுக்குதில்லை. இங்க ஒருத்தரையும் எடுக்குதில்லையாம். எல்லாரும் என்னைப் பேசுகினம்!"

"எல்லாரும் எண்டால் ஆர்?"

"சொந்தக்காரர்தான். அம்மா குடும்பக் குறூப்பில போட்டவா எல்லே, நீங்கள் பாக்கேல்லையோ?"

பாக்கேல்லை. அந்தக் குறூப்பில காலமை வணக்கம் மட்டும் ஒரு நாளைக்கு நாப்பது வரும். நான் சத்தத்தை நிப்பாட்டி வைச்சு ஒரு வருசம்.

திறந்தன். சனிக்கிழமை நாலு மணிக்கு மாமியின்ர குரல்:

"எல்லாருக்கும் வணக்கம். எங்கட மருமகள் வீட்டுக்குள்ளயே பெரிய மெசின் ஒண்டு பூட்டி வைச்சிருக்கிறா. கிளியின்ர கலியாணத்துக்குப் போக ஏலாமப்போன ஆக்கள் எல்லாரும் அதில பாருங்கோ. ரிவியில கிடந்த அதின்ர விலாசத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறன். உள்ள போற பேரும் பாஸ்வேர்ட்டும் எனக்குத் தெரியேல்லை. தெரிஞ்சதைப் போட்டுப் பாருங்கோ."

தெரிஞ்சதைப் போட்டுப் பாத்திருக்கினம். சரவணை. பிள்ளையார். கிளி.

ஏழு நாட்டுக் கள்ளரும் எங்கட சனம்!

அதுக்குக் கீழ பாத்தன். ஜேர்மனிப் பெரியப்பா: "எங்களை வேண்டாமெண்டால் நேரடியாச் சொல்லியிருக்கலாம்." சுவிஸ் சித்தி குறூப்பை விட்டு வெளியேறியிருக்கிறா. பிரான்ஸ் முழுக்க வெளியேறியிருக்கு. எங்கட பக்கத்தில ஒரு நல்ல காரியத்துக்குச் சொல்லாம விட்டாலே மூண்டு தலைமுறைக்குக் கதைக்க மாட்டினம். இங்க மாமி சொல்லிக் கூப்பிட, நான் வந்த ஆக்களின்ர முகத்தில கதவைச் சாத்தியிருக்கிறன்.

உடன பூட்டைத் திறக்கோணும். லப்ரொப்பில நேர அடிக்கலாமெண்டால் ஸ்கிரீன் இல்லை. போனில இருந்துதான் உள்ள போகோணும். இருபத்திரண்டு எழுத்து. முதல் தரம் பிழை. கை வேர்வையைத் துடைச்சிட்டு அடிச்சன், பிழை. கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு அடிச்சன்.

'நீங்கள் இருபத்து நாலு மணித்தியாலத்துக்குத் தடை செய்யப்பட்டுள்ளீர்கள்.'

நான் எழுதின வசனம்தான்.

திரும்பிப் பாத்தால் குசினி வாசலில இவர் நிக்கிறார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," எண்டார். பென்டிரைவ் எண்ட சொல் அவரின்ர முகத்தில எழுதியிருந்தது.

உள்ளுக்கு இன்னும் கதிரை ஓடுது. மாமி அந்த ஆக்களுக்குச் சொல்லுறா, "பொறுங்கோ, பிள்ளை செய்து தருவா."

அதைக் கேக்கத்தான் எனக்கு அழுகை வந்தது. தாலி கட்டுற நேரம் நெற் நிண்டது ஒருத்தரின்ர குற்றமும் இல்லை. இது முழுக்க என்ர குற்றம். ஒளிக்க ஏலாது எண்டு போய் மாமிக்கு முன்னால நிண்டு எல்லாத்தையும் சொன்னன்.

மாமி ஆறுதலாக் கேட்டா.

"ஏழு நாட்டையும் பூட்டினியோ?"

"ஓம் மாமி."

"அலுமாரிக்கு மேல கிடக்கிற அந்தப் பெட்டியாலயோ?"

"ஓம்."

மாமி பூமணி அக்காவைத் திரும்பிப் பாத்தா. "பாத்தியோ? படிப்பெண்டால் அதுதான்."

பகிடி இல்லை. உண்மையாவே பெருமைப்பட்டா. எனக்கு நிலத்துக்குள்ள போகலாம்போல இருந்தது.

போனில இன்னும் வாசுகி இருந்தவா. "அண்ணி, தாலி கட்டுற துண்டை மட்டும் வட்ஸ்அப்பில அனுப்பவோ?" எண்டா. ஒரு நிமிசம் நாப்பது செக்கன். அது ஒரு பூட்டும் இல்லாம, ஒரு பாஸ்வேர்ட்டும் இல்லாம, பணியாரத் தட்டு ஒருக்காச் சுத்தி வர முதல் வந்து சேந்திட்டுது.

நான் போனை ரண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சன். மாமியும் எட்டுப் பேரும் சுத்தி நிண்டினம். படம் கொஞ்சம் கலங்கல்தான். ஐயர் தாலியை எடுக்கிறார். மாப்பிள்ளை வாங்கிறார். மேளம் கெட்டியாகுது. நான் மூச்சு விடேல்லை. வட்டம் சுத்தேல்லை. வாசுகி தலையைக் குனியிறா. மாப்பிள்ளை கட்டுறார்.

மாமி அறுகரிசியை அள்ளிப் போட்டா. எட்டுப் பேரும் போட்டினம். போனுக்குத்தான் போட்டவை, விழுந்தது என்ர தலையில.

"கட்டியாச்சு," எண்டா மாமி. பட்டுச்சீலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா. "இப்பதான் கட்டியாச்சு."

பிறகு அதையே பதினாலு தரம் பாத்தம். பதினாலு தரமும் அறுகரிசி. போனுக்குச் சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள இண்டைக்கும் ஒரு அரிசி கிடக்குது.

திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில கணினிப் பாதுகாப்புப் பாடம். நான் பிள்ளையளுக்குப் படம் கீறக் குடுத்திட்டு இருந்தன்.

அண்டைக்குப் பின்னேரமே ஏழு நாட்டையும் திறந்துவிட்டன். சொந்தக்காரர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பேரும் பாஸ்வேர்ட்டும் குடுத்து, ஒவ்வொருத்தரிட்டையும் மன்னிப்பும் கேட்டன். பிரான்ஸ் குறூப்புக்குத் திரும்பி வந்திட்டுது. ஜேர்மனிப் பெரியப்பா நாலு மணித்தியாலமும் பாத்திட்டு, சாப்பாட்டுப் பந்தி சரியில்லை எண்டு செய்தி போட்டவர்.

புதன்கிழமை பதிவைப் பாத்தால் புதுசா ஒரு தட்டு. பனாமாவில இருந்து!

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். பனாமாவில எங்களுக்கு ஆர் இருக்கினம்? கடைசியா ஒரு உண்மைக் கள்ளன்! விரலைத் தூக்கிப்போட்டு, எதுக்கும் ஒருக்கால் கேப்பம் எண்டு மாமியிட்டைப் போனன்.

"பனாமாவோ?" மாமி ஒரு செக்கன்கூட யோசிக்கேல்லை. "அது பூமணியின்ர தம்பி. கப்பலில. பாவம், அவனும் கலியாணத்துக்குப் போகேல்லை. திறந்துவிடு."

இப்ப எங்கட சேர்வரில எந்த நாட்டைப் பூட்டுறதெண்டாலும் முதல் மாமியிட்டைக் கேக்கோணும். இதுவரைக்கும் ஒரு நாடும் பூட்டுப்படேல்லை.