மாப்பிள்ளையை எழுப்பிவிட்ட விவரம்

காரிமங்கலம்,
24-3-2025, திங்கள்.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த கடத்தூர் சம்பந்தி காளியப்பன் அவர்களுக்கும், சம்பந்தியம்மா நிர்மலாதேவி அவர்களுக்கும் புளி மண்டி கலைவாணன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரி தீர்த்தம்மாள், மகள் கவிப்பிரியா மூவரும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. நேற்று சாயங்காலத்திலிருந்து ஐந்து தடவை போன் செய்தேன். ஒரே ஒரு தடவை எடுத்து, "டவர் இல்லீங்க" என்று டவர் நன்றாக இருக்கிறவர் குரலில் தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதற்கு டவர் வேண்டாம், பாதியில் வைக்கவும் முடியாது.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை, உங்களுக்கே தெரியும். சந்தையில் கிழிந்த சாக்கை விரித்து உட்கார்ந்து ஆரம்பித்து, இன்றைக்குச் சொந்த மண்டி வைத்திருக்கிறவன். மூட்டை வாயில் இருக்கிற புளியைப் பார்த்து விலை பேச மாட்டேன், கையை அடி வரைக்கும் விட்டு அள்ளி, முகர்ந்து, கொட்டை இருக்கிறதா என்று பிசைந்து பார்த்துத்தான் பேசுவேன். அப்படிப்பட்டவன், தை மாதம் உங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றியபோது, பையன் பிரபாகருக்கு பெங்களூரில் கம்பெனி வேலை, கைநிறையச் சம்பளம், பீடி சிகரெட் கிடையாது என்று நீங்கள் சொன்ன மூன்றையும் ஆள் விட்டு விசாரித்தேன். மூன்றும் உண்மை. நான்காவதாக ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அந்த நான்காவதை நேற்று மத்தியானம் தர்மபுரியில் அறுநூறு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். உங்கள் மகன் வாரத்தில் ஐந்து நாள் கம்பெனிக்குப் போகிறார், சனி ஞாயிறில் சாகிறார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன வாரம் மாப்பிள்ளை வாட்ஸப்பில், ஒரு காலேஜ் கலையரங்கத்தில் பாட்டு நாடகம் நடக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள் மாமா, டிக்கெட் என் பொறுப்பு என்று அனுப்பியிருந்தார். நம் 'அக்கரைக் கொலுசு' படத்தைத்தான் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் மேடைக்கு மாற்றியிருக்கிறார்களாம். ஒகேனக்கல் பரிசல்காரன் வெள்ளத்தில் ஊர் ஜனத்தை எல்லாம் கரை சேர்த்துவிட்டுத் தான் மட்டும் போய்ச் சேருகிற கதை. நம் ஜில்லாவில் அந்தப் படத்தை நான்கு தடவைக்குக் குறைவாகப் பார்த்தவர்கள் அப்போது பிறக்காதவர்கள்தான். பார்த்த கதையையே ஆள் வைத்துத் திரும்ப நடித்துக் காட்டுவது, ஒரு தடவை கரைத்துப் பிழிந்த புளியை மறுபடி கரைக்கிற மாதிரிதானே என்று நினைத்தேன். அதுவும் பங்குனி மாதம், மண்டியில் சரக்கு வந்து குவிகிற நேரம். ஆனாலும் மாப்பிள்ளை கூப்பிட்டும் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று, நல்லம்பள்ளியிலிருந்து என் அக்காள் குள்ளம்மாளையும் வரவழைத்து, சொந்தபந்தம் பதினெட்டுப் பேராக டிரைவர் வியாகுலம் வேனில் போனோம். உங்களையும் கூப்பிட்டோம். முட்டிவலி என்றீர்கள். அந்த முட்டியைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

விளக்கை அணைத்தார்கள். முதலில் ஒன்றுமே இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். அப்புறம் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆறு வந்தது சம்பந்தி. ஆறு என்றால் ஆறேதான். புரண்டது, சுழித்தது, பாறையில் மோதி நுரைத்தது. பின்னால் அருவி கொட்டியது, புகை எழுந்து எங்கள் முகத்தில் சில்லென்று பட்டது. அந்த ஆற்றின் மேல் ஒரு பரிசல் தட்டாமாலை சுற்றிக்கொண்டு வந்தது. அதில் மேலெல்லாம் சேறு பூசி, லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு ஆள் துடுப்போடு நின்று பாடினான். படத்துப் பாட்டு என்றதும் மொத்த ஜனமும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தது. ஆனால் அந்த ஆள் படத்தில் வருகிற மாதிரி பாடவில்லை, இரண்டு மடங்கு மெதுவாக, ஆற்றுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடினான். யாரும் யாரையும் அடக்காமலே கூட்டம் தானாக அடங்கிப்போனது. எழவு வீட்டில்கூட நம் ஜனம் அப்படி வாய் மூடி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில்தான் தீர்த்தம்மாள் என் விலாவில் இடித்தாள். "ஏங்க, அது நம்ம மாப்ள இல்ல? காதைப் பாருங்க, அப்படியே கடத்தூர்க் காது." பார்த்தேன். உங்கள் காதேதான். திரும்பி மகளைப் பார்த்தேன். கவிப்பிரியா ஆச்சரியமே படாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இடைவேளையில் நான் சும்மா இருக்கவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால் எனக்கு டீ இறங்காது. மேடைக்குப் பக்கத்தில் போய், ஆற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். பாலியஸ்டர் துணி, நல்ல நெசவுகூட இல்லை. அடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் குனிந்துகொண்டு ஆட்டுகிறார்கள். மேடைப் பரிசல் துறையில் அடுக்கியிருந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே தெர்மாக்கோல். மாப்பிள்ளை அதைத் தூக்கியபோதே எனக்கு உறுத்தியது. நிஜ மூட்டை தூக்குகிறவனுக்கு முதலில் கழுத்து நரம்பு புடைக்கும், அப்புறம்தான் கால் நகரும். இவ்வளவுதானா சமாச்சாரம் என்று நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். இடைவேளை முடிந்து வெள்ளம் வந்தது. துணிதான் என்று தெரியும், தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவன் நான், சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். எனக்கு முன்னால் இருந்த வரிசை மொத்தமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலை நாற்காலி மேல் வைத்துவிட்டது. வியாகுலம் வேன் சாவியை சட்டைப் பைக்கு மாற்றினான். இதை எதனால் சொல்கிறேன் என்றால், தெரிந்தும் நனைந்தோம் சம்பந்தி. முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

கடைசியில் பரிசல் கவிழ்ந்து, ஆறு வடிந்து, உங்கள் மகனை மேடை நடுவில் கரையில் போட்டுவிட்டது. செத்துக் கிடந்தார். நடித்தவர்கள் எல்லோரும் வந்து கும்பிட்டார்கள், நாங்களும் கை தட்டினோம், அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதுதான் அந்த நாடகத்தின் விசேஷமாம். ஜனம் எல்லாம் கலைந்து, கடைசி ஆளும் வெளியே போகும் வரை செத்தவர் அப்படியே கிடக்க வேண்டும், பார்த்தவர்கள் அந்தப் பாரத்தோடு வீடு போக வேண்டும் என்று டைரக்டரம்மா ஏற்பாடு செய்திருக்கிறார். சென்னையிலும் பெங்களூரிலும் அழுதுகொண்டே போய்விட்டார்களாம். அந்த ஊர்க்காரர்கள் போவார்கள். நாம் போவோமா? பதினெட்டு நாள் பாரதக் கூத்து பார்க்கிற ஜனம் நாம். படுகளத்தில் விழுந்தவனை, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உரிமைப்பட்டவர்கள் மூன்று தடவை பேர் சொல்லி எழுப்பாமல் எந்த ஊரிலாவது வீட்டுக்குப் போயிருக்கிறோமா? எழுப்பாமல் விட்ட சாவு அந்த ஆள் மேலேயே தங்கிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அறுநூறு பேருக்கும் தெரியும். ஒரு ஆள் அசையவில்லை. நாங்கள் போனால்தான் அவர் எழுந்திருப்பார், அவர் எழுந்தால்தான் நாங்கள் போவோம்.

கால் மணி நேரம் பொறுத்து டைரக்டரம்மா மைக்கோடு வந்தார், இருபத்தெட்டு முப்பது வயசுதான் இருக்கும், நாடகம் முடிந்துவிட்டது, தயவுசெய்து கலைந்து செல்லுங்கள் என்றார். பின்னால் இருந்து ஒருவர் பதமாகத்தான் சொன்னார். "போறமுங்க. அந்தத் தம்பிய எழுப்பி வுட்டுடுங்க, போறோம்." அந்தம்மா கதையை விளக்கினார், கலையை விளக்கினார், எல்லாம் கேட்டுவிட்டு ஜனம் உட்கார்ந்தே இருந்தது. வேதக்காரனான வியாகுலம் மட்டும் அந்தம்மா பக்கம் சேர்ந்துகொண்டு, ஜனத்தைப் பார்த்து, "எங்க ஏசு சாமிக்கே எழுந்திரிக்க மூணு நாள் ஆச்சுங்க. நீங்க மூணு நிமிசங்கூட பொறுக்க மாட்டேங்கறீங்க" என்றான். அவனையும் யாரும் மதிக்கவில்லை. இதற்கு நடுவில் மாப்பிள்ளை மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்து, வயிறாரக் குடித்துவிட்டு எழுந்து போனது. முன்வரிசை முழுக்கப் பார்த்தது. ஆள் அசையவில்லை. ஒத்துக்கொண்ட வேலையை இந்தப் பிள்ளை பாதியில் விடாது என்று அப்போது எனக்குத் தோன்றியது. மூட்டை அடிச் சரக்கை அள்ளிப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் என் அக்காள் எழுந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள், ஆரம்பித்தாள். அவள் புருஷன், என் மாமா, செத்தபோது பாடிய அதே ஒப்பாரி. மாமாவைச் சொல்லுகிற இடத்தில் மட்டும் பரிசல்காரன் என்று மாற்றிக்கொண்டாள். எனக்கு மானம் போகிறதே என்று இருந்தது, உட்கார் அக்கா என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த வாத்தியக்காரப் பிள்ளைகளில் புல்லாங்குழல் வைத்திருந்தவன் அக்காள் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். அப்புறம் வயலின். அப்புறம் மேளம், நெஞ்சில் அடிக்கிற மாதிரி. பத்து வரிசைப் பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். நான் முந்தானையை விட்டுவிட்டேன். செத்துக் கிடந்தவர் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக் காதுக்குள் போனது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. டைரக்டரம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாடி முடித்ததும் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். கேண்டீனிலிருந்து மஞ்சள் தூளும் ஒரு சொம்புத் தண்ணீரும் வந்தது. "பெத்தவங்க யாரு, வந்து பேர் சொல்லிக் கூப்புடுங்க" என்றாள். இந்த இடத்தில்தான் உங்கள் முட்டி வருகிறது சம்பந்தி. பெற்றவர்கள் நீங்கள் இருவரும் கடத்தூரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மகன் மேடையேறுவது எங்களுக்குத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்துதான் முட்டி வலித்தது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அங்கே உங்கள் மகனைக் கூப்பிட ஆள் இல்லை. அக்காள் சுற்றிலும் பார்த்தாள். "உரிமைப்பட்ட சனம் ஒருத்தருமா இல்ல?" என்றாள். அறுநூறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள், நான் தரையைப் பார்க்கிறேன். அப்போது என் மகள் எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. படியேறிப் போய், சொம்பை வாங்கித் தெளித்து, "பிரபாகர்" என்று கூப்பிட்டாள். மறுபடி, "பிரபாகர்." கட்டிக்கப்போகிறவர் பேரைச் சபையில் சொல்லுகிறாள், தீர்த்தம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவை கொஞ்சம் குனிந்து, "பிரபாகர், போதும் எழுந்திரிங்க. எல்லாருக்கும் பஸ்சு போயிரும்" என்றாள்.

எழுந்தார். விசில் இல்லை, கைத்தட்டல் இல்லை. ஜனம் மொத்தமும் எழுந்து நின்று ஒரு தடவை கும்பிட்டது. பிறகு அவரவர் பை, செருப்பு, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அமைதியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனது.

இனி என் முடிவு. பார்த்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்குக் குடும்பம் நடத்த வேண்டும். இன்று காலை மண்டியைத் திறந்ததும் முதல் வியாபாரி, "செத்த மாப்ள எப்படி இருக்காருங்க?" என்று அக்கறையாக விசாரிக்கிறான். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம், அதற்குள் எத்தனை சனி ஞாயிறு என்று நீங்களே காலண்டரைப் பாருங்கள். பந்தக்கால் நட்ட பிறகும் போய்ச் செத்துவிட்டு வருவாரா? ஆகவே என் ஒரே நிபந்தனை: மாப்பிள்ளை இனி மேடையில் சாகக் கூடாது. நாடகத்தையே விட்டுவிட்டால் இன்னும் உத்தமம். சம்மதம் என்றால் சம்பந்தம், இல்லையென்றால் தை மாதம் மாற்றிய வெற்றிலை பாக்கு அத்தோடு சரி. நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை.

சம்பந்தியம்மாவுக்குத் தீர்த்தம்மாளின் வணக்கம். உங்கள் தோட்டமும் துரவும் செழிக்க, வீட்டில் நல்ல காரியம் நடக்க, முட்டிவலி அதற்குள் தீர, எல்லாம் வல்ல இறைவனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
பு. கலைவாணன்,
புளி மண்டி, காரிமங்கலம்.

பின்குறிப்பு: கவரில் போடுவதற்கு முன் இதை வீட்டில் படித்துக் காட்டியது என் தப்பு. கவிப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லா சாகத் தெரிஞ்ச மனுசனை அதை வுட்டுடச் சொன்னா, அப்பறம் அவரை நான் எதுக்குங்கப்பா கட்டிக்கறது?" என்று கேட்டாள். தீர்த்தம்மாளிடம் நியாயம் கேட்கலாம் என்று திரும்பினால், அவள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் வெள்ளம் வந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அக்காளை சேலம் நாடகத்தில் ஒப்பாரி பாட வரச் சொல்லி டைரக்டரம்மா போன் செய்ததில், அவள் துணிப்பையோடு கிளம்பி நிற்கிறாள். ஆகவே மேலே எழுதிய நிபந்தனையை அடித்துவிட்டுப் படிக்கவும். வரும் ஞாயிறு சேலத்துக்கு இரண்டு பஸ் பேசியிருக்கிறேன், முட்டியை நீட்டி வைக்கிற மாதிரி முன் ஸீட் உங்களுக்கு. தெர்மாக்கோல் மூட்டையைத் தூக்கிப் போடச் சொல்லி நாடகக்காரர்களுக்கு நிஜப் புளி மூட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன், கழுத்து நரம்பு புடைக்கட்டும். மாப்பிள்ளை தாராளமாகச் சாகட்டும், எழுப்ப எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணை வாரா வாரம் அதற்காக ஊர் ஊராக அனுப்ப முடியாது அல்லவா. அதனால் ஆவணி வேண்டாம், வைகாசியிலேயே முகூர்த்தம் பாருங்கள்.