உன் மகளைக் கல்லூரிக்குள் அழைத்துப்போன விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் உன் மனைவியும் இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

"காலேஜ் போகவே மாட்டேன்" என்று குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் பெண்ணை என்னிடம் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் பறிபோய்விடும் என்று தொலைபேசியில் அழுதாயே, அழுகிற வயதா உனக்கு? பயப்படும் இடத்துக்கே கையைப் பிடித்து அழைத்துப்போவதுதான் நான் படித்த கான்வென்ட் பள்ளி சிஸ்டர்களின் ஒரே மருந்து. வெள்ளிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேருந்தில் அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு மரத்துப்போனது.

"அத்தை, அங்க யாரையுமே தெரியாது. நான் எதாவது உளறி எல்லாரும் சிரிச்சிட்டா?"

"சிரிச்சா, பல் சுத்தமா இருக்கான்னு பாரு" என்றேன்.

வாசலில் ஒரு கணம் நின்றாள். ஓடிவிடுவாளோ என்று நான் குறுக்கே நிற்கப் போனால், என்னை முந்திக்கொண்டு உள்ளே நடக்கிறாள்! அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல? ஒரு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தார், கதவருகே நின்று "பிள்ளைங்க இந்தப் பக்கம் இருக்காங்க, சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன், வகுப்பே கொல்லென்று சிரித்தது, அவர் முகம் சிவந்து "யாரும்மா நீங்க?" என்று கேட்க, வாசல் மணி அடித்தாலே கட்டிலுக்கடியில் ஒளிகிற உன் மகள் எனக்கு முன்னால் வந்து நின்று, "மன்னிச்சிடுங்க சார், எங்க அத்தைக்கு ஒழுங்கு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நிஜமாவே இங்க எதுவும் கேக்கல" என்றாளே பார்க்கணும்! அவரே சிரித்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள், தம்பி. ஒரு கேள்வியும் கேட்டாள். இடைவேளையில் இரண்டு பெண்கள் அவளைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போக, நான் தள்ளி ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து, அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்தபடி ஆறிப்போன டீயைக் குடித்தேன். டீயைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நானா என்று எனக்கே ஆச்சரியம்.

நல்ல பெண்ணைத்தான் பெற்றிருக்கிறாய். பாராட்டு உனக்கு, வைத்தியம் பார்த்த பெருமை எனக்கு.

இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

உன் அக்கா

பி.கு.: உறையில் போடும் முன் இதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. அது என் காலேஜே இல்ல. என்னோடது அடுத்த கேட்."

"எப்படி தெரிஞ்சுது?"

"வாசல்லயே போர்டைப் பாத்தேன். இங்க மறுபடி வரப்போறதே இல்ல, யார் சிரிச்சா என்னன்னு உள்ள போயிட்டேன். போனா, ஒண்ணுமே ஆகல."

திங்கட்கிழமை சரியான இடத்துக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வேண்டாமாம்; தனியாகப் போகிறாளாம். இப்போதே பையை அடுக்கிவிட்டாள், அதுவும் நான் அடுக்குவதைவிட நேர்த்தியாக. உன் மனைவிக்குக் கடிதத்தைக் காட்டு. பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டுக் காட்டு.